வயதான நாய்க்கு டயட்: ‘பாவம், சாப்பிட்டுப் போகட்டும்’ என்பது பாசம்தானா?

ஆரணியில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மூன்றே படிகள்தான். கடந்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஜிம்மி இரண்டாவது படியில் நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வால் ஆடியது, பின்னங்கால் மட்டும் எழும்பவில்லை. கடைசியில் அப்பா இறங்கிப் போய், இடுப்பில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

“வயசாயிடுச்சும்மா, அவ்ளோதான்” என்றார்.

ஜிம்மிக்குப் பத்து வயது. நான் ப்ளஸ் ஒன் படிக்கும்போது அடம்பிடித்து வாங்கிய லாப்ரடார். தறி ஓடும் நேரமெல்லாம் அப்பாவின் தறிக்குழிக்குப் பக்கத்திலேயே படுத்திருப்பான். அப்பா சொன்னது பாதி உண்மை, வயது ஆகிவிட்டதுதான். மீதிப் பாதியைத் தெருமுனை அரிசி மண்டியின் தராசு சொன்னது. இரண்டு பேர் பிடித்து ஏற்றி நிறுத்தினோம். 40 கிலோ. அவன் உடல்வாகுக்கு 30 இருந்தால் போதும் என்று பிறகு கால்நடை மருத்துவர் சொன்னார். அதாவது 10 கிலோ அரிசிப் பையை முதுகில் கட்டிக்கொண்டுதான் அந்தப் படியில் ஏறப் பார்த்திருக்கிறான்.

இந்தக் கட்டுரை ஜிம்மியைப் பற்றி மட்டும் இல்லை. படிக்கவோ, வேலைக்கோ சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்துவிட்ட நம்மில் பலர், ஆசையாக வாங்கிய நாயை ஊரில் அப்பா அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறோம். அந்த நாய்களுக்கு இப்போது வயதாகிறது, எடையும் ஏறுகிறது. ‘வயசான காலத்துல அதைப் போய் பட்டினி போடுவாங்களா?’ என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டும். என் பதில் இதுதான்: வயதான நாயின் எடையைக் குறைப்பது கொடுமை இல்லை. குறைக்காமல் விடுவதுதான் அதற்கு வலி.

குண்டா, இல்லையா? கையை வைத்துப் பார்க்கலாம்

தராசு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் ஒரு கையை மேசையில் தட்டையாக வைத்து, புறங்கையின் மேல் மறு கை விரல்களை ஓட்டுங்கள். மெல்லிய தோலுக்குக் கீழே எலும்பு தட்டுப்படும். நாயின் விலாவைத் தடவினால் இப்படித்தான் இருக்க வேண்டும். முஷ்டியை மடக்கி, அதன் முட்டிகளைத் தடவுவதுபோல விலா துருத்தினால் நாய் மெலிந்திருக்கிறது. உள்ளங்கையைத் தடவுவதுபோல மெத்தென்று இருந்தால் எடை கூடிவிட்டது.

அடுத்து மேலிருந்து பாருங்கள். விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்வாங்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு பின்கால்களை நோக்கி மேலேற வேண்டும். மருத்துவர்கள் இதையே 9 புள்ளி அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். 4 அல்லது 5 சரியான நிலை. அதற்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் சுமார் 10 சதவீதம் கூடுதல் எடை என்று ஒரு கணக்கு.

ஜிம்மிக்கு 8. மேலிருந்து பார்த்தால் சாப்பாட்டு மேசை மாதிரி இருந்தான்.

எடைக்கும் ஆயுளுக்கும் என்ன தொடர்பு?

நாய் உணவு நிறுவனமான பியூரினா, 48 லாப்ரடார்களைக் குட்டிப் பருவத்திலிருந்து சாகும்வரை தொடர்ந்து கவனித்தது. ஒரே ஈற்றுக் குட்டிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்தார்கள். இரண்டுக்கும் ஒரே உணவுதான், அளவு மட்டும்தான் வேறு. 2002-ல் முடிவு வெளியானது. அதிகம் சாப்பிட்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டுகள். குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு 13 ஆண்டுகள். மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

12 நாய் இனங்களில் 50,000-க்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளை வைத்து 2019-ல் வெளியான மற்றோர் ஆய்விலும், நடுவயதில் எடை கூடியிருந்த நாய்களின் ஆயுள் எல்லா இனங்களிலும் குறைவாகவே இருந்தது.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பத்து வயதில் டயட் ஆரம்பித்தால் இரண்டு வருடம் கூடும் என்று இந்த ஆய்வுகளை வைத்து யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. லாப்ரடார் ஆய்வு குட்டிப் பருவத்திலேயே தொடங்கியது. வயதான நாய்க்கு நாம் கொடுக்கக்கூடியது வேறு: வலி குறைந்த நாட்கள். மூட்டுவாதமும் உடல் பருமனும் சேர்ந்திருந்த நாய்களை வைத்து 2010-ல் ஒரு சிறிய ஆய்வு வெளியானது. உடல் எடையில் சுமார் 6 சதவீதம் குறைந்ததுமே நொண்டல் குறையத் தொடங்கியது அதில் தெரிந்தது. 40 கிலோ நாய்க்கு 6 சதவீதம் என்றால் இரண்டரை கிலோவுக்கும் குறைவு. வயது தடையே இல்லாத இலக்கு இது.

‘எப்பப் பாத்தாலும் பசி’: அவன் நடிக்கவில்லை

லாப்ரடார் வளர்ப்பவர்களுக்கு அந்தப் பார்வை தெரியும். இப்போதுதான் தட்டை நக்கி முடித்திருக்கும். மூணு நாள் சாப்பிடாத மாதிரி பார்க்கும்.

2016-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு மரபணுக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். சுமார் கால்வாசி லாப்ரடார்களிடம் ‘பி.ஓ.எம்.சி’ என்ற மரபணுவின் ஒரு சிறு துண்டு இல்லை. ‘வயிறு நிறைந்தது’ என்ற சேதி மூளைக்குப் போக உதவும் மரபணு அது. 2024-ல் வந்த தொடர் ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. இந்தக் குறைபாடு உள்ள நாய்களுக்கு இரண்டு வேளைக்கு இடையில் பசி அதிகம். சும்மா இருக்கும்போது அவற்றின் உடல் செலவழிக்கும் சக்தியும் சுமார் 25 சதவீதம் குறைவு.

ஆக, பசி நிஜம். ஆனால் அந்தப் பசி, உடலுக்கு உணவு வேண்டும் என்பதற்கான அடையாளமாக எப்போதும் இருப்பதில்லை. கண்ணைப் பார்த்துப் பரிமாறினால் கணக்கு தப்பிவிடும்.

ஒரு நாள் கணக்கு எழுதினோம்

‘அப்படியென்ன சாப்பிட்டுடறான்?’ என்று அம்மாவே கேட்டார். சரி, எழுதிப் பார்க்கலாம் என்று ஒரு நாள் முழுக்க நோட்டில் குறித்தோம். தோராயமாக இப்படி வந்தது:

- காலையில் பால் 200 மில்லி: 120 கலோரி
- மூன்று இட்லி: 150
- மதியமும் இரவும் சேர்த்துச் சோறு 700 கிராம்: 910
- சோற்றில் விட்ட இரண்டு ஸ்பூன் நெய்: 80
- மேரி பிஸ்கட் 12: 300

மொத்தம் 1,560 கலோரி.

பிஸ்கட் 12 என்றதும் எல்லோரும் அதிர்ச்சியானார்கள். யாரும் 12 போடவில்லை என்பதுதான் விஷயம். பதினொரு மணி டீக்கு அப்பா இரண்டு. கூடத் தறி ஓட்டும் அண்ணன் இரண்டு. அம்மா இரண்டு. பக்கத்து வீட்டு அத்தை வந்தால் ஒன்று, வராவிட்டாலும் ஜன்னல் வழியாக ஒன்று. நாலு மணி டீக்கு மறுபடியும் ஒரு சுற்று. ஒவ்வொருவரும் ‘ரெண்டே ரெண்டு’தான் போட்டிருக்கிறார்கள்.

இதைத் தனி மனிதர் யாருடைய தப்பாகவும் பார்க்கக் கூடாது. ஆரணி போன்ற ஊரில் நாய் ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை, தெருவுக்கே சொந்தம். அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஊரில் சோற்றை யாரும் கணக்குப் பார்த்துப் போடுவதும் இல்லை.

முதல் படி டயட் இல்லை, டாக்டர்

இதை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். தைராய்டு குறைந்தாலும் நாய்க்கு எடை கூடும், சோர்வு வரும். ‘குஷிங்’ என்ற ஹார்மோன் கோளாறில் வயிறு தொங்கும், தாகமும் பசியும் கூடும். வயிற்றில் நீர் கோத்தாலும் கட்டி இருந்தாலும் பார்வைக்குக் ‘குண்டு’தான். சிறுநீரகம், கல்லீரல் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் உணவை மாற்றுவதும் ஆபத்து. ஒரு ரத்தப் பரிசோதனை இதில் பெரும்பாலானவற்றுக்கு வழிகாட்டிவிடும். உள்ளூரில் வசதி இல்லையென்றால், வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடங்கள் இருக்கின்றன.

நாங்கள் போன நாளில் கறவை மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவில் ஜிம்மி வரிசையில் உட்கார்ந்திருந்தான். மருத்துவர் இடுப்பு மூட்டை அசைத்துப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். தைராய்டு நார்மல். மூட்டுத் தேய்மானம் ஆரம்பித்திருந்தது. “மாத்திரை தர்றேன். ஆனா எடை குறையாம மாத்திரை மட்டும் போட்டா பெருசா பிரயோஜனம் இல்லை” என்றார்.

எவ்வளவு கொடுக்கலாம்?

நாய் இப்போது இருக்கும் எடைக்குச் சோறு போடக் கூடாது, இருக்க வேண்டிய எடைக்குப் போட வேண்டும். 30 கிலோ நாய் ஓய்வாக இருக்கும்போது உடலை ஓட்டுவதற்கு மட்டும் சுமார் 900 கலோரி தேவை. எடை குறைப்பைப் பெரும்பாலும் இந்த அளவில்தான் தொடங்குகிறார்கள். உங்கள் நாய்க்கான எண்ணை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

900 என்று தெரிந்ததும் பழைய கணக்கைத் திரும்பப் பாருங்கள். பிஸ்கட் மட்டுமே அதில் மூன்றில் ஒரு பங்கு.

எங்களுக்கு மருத்துவர் சொன்ன திட்டம் எளிமையானது. எடை குறைப்புக்கென்றே விற்கும் உலர் உணவு, 100 கிராமுக்கு சுமார் 300 கலோரி உள்ளது, ஒரு நாளைக்கு 270 கிராம். காலையும் இரவும் பாதிப் பாதி. இது 810 கலோரி. மீதி 90 கலோரிக்குள்தான் நொறுக்குத் தீனி எல்லாமே. மொத்த உணவில் 10 சதவீதத்துக்கு மேல் தீனி போகக் கூடாது என்பது பொது விதி.

கப்பில் அளக்காதீர்கள், ஆளுக்கு ஆள் அளவு மாறும். கிராமில் நிறுங்கள். எங்கள் வீட்டில் தராசுக்குப் பஞ்சமே இல்லை. பட்டு நூலும் ஜரிகையும் நிறுத்துத்தான் வீட்டுக்கு வரும். சேலையாகத் திரும்பப் போகும்போதும் எடை பார்ப்பார்கள். கிராம் குறைந்தால் கேள்வி வரும். அப்பாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. “பாவு நூல் மாதிரிதான், நிறுத்துப் போடு” என்றதும் பிடித்துக்கொண்டார்.

புது உணவுக்கு ஒரே நாளில் தாவாதீர்கள். ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொண்டு, பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு நிச்சயம்.

‘சோத்தைப் பாதியாக்கிட்டா போதாதா?’

போதாது. இதுதான் பலரும் செய்யும் தவறு. சோறும் தயிருமாகச் சாப்பிடும் நாய்க்கு ஏற்கெனவே புரதம் குறைவு. அதையும் பாதியாக்கினால் கலோரியோடு சேர்ந்து புரதம், வைட்டமின், தாது உப்பு எல்லாமே பாதியாகும். வயதான நாய் இயல்பாகவே தசையை இழந்துகொண்டிருக்கும். அதற்கு மேல் இப்படிச் செய்தால் தராசில் எடை குறையும், கொழுப்புக்குப் பதில் தசை போயிருக்கும். படி ஏறத் தேவைப்படுவதே அந்தத் தசைதான். எடை குறைப்பு உணவுகளில் புரதமும் நார்ச்சத்தும் கூடுதலாக இருப்பதன் காரணம் இதுதான்.

இந்த உணவுகள் விலை கூடியவை என்பது உண்மை. எல்லா நெசவாளர் வீட்டிலும் மாதாமாதம் வாங்க முடியாது. வீட்டுச் சமையல்தான் வழி என்றால், மருத்துவரிடம் உட்கார்ந்து பட்டியல் போடுங்கள்: தோல் நீக்கிய கோழி அல்லது முட்டை எவ்வளவு, சோறு எவ்வளவு, காய் எவ்வளவு, கூடவே எந்தச் சத்து மருந்து என்று. குத்துமதிப்பு வேண்டாம்.

டப்பா வைத்தியம்

முதல் இரண்டு வாரத்தில் எடை 200 கிராம்கூடக் குறையவில்லை. எங்கோ ஓட்டை. விசாரித்தால் அப்பா.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். டீயோடு பிஸ்கட் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் சாப்பிடாத பிஸ்கட் ஜிம்மிக்குப் போயிருக்கிறது. கேட்டதற்கு, “எனக்குத்தான் வாயைக் கட்டிட்டாங்க. அதுக்குமா? வாயில்லாத ஜீவன்மா, ரெண்டு பிஸ்கட்ல இன்னா ஆயிடப் போவுது?” என்றார்.

போனில் கத்தலாம் என்று நினைத்தேன். அப்புறம் யோசித்தேன். நான் 140 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். பகல் முழுக்க அவரோடு இருப்பது ஜிம்மி. பதினொரு மணிக்குத் தறியை நிறுத்தி, கையை நீட்டி, ஒரு ஈர மூக்கு வந்து முட்டும் அந்த ஒரு நிமிஷத்தை நிறுத்து என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

அதனால் கொடுப்பதை நிறுத்தவில்லை. கொடுக்கும் பொருளை மாற்றினோம். தினமும் காலையில் அம்மா ஒரு சின்ன டப்பா நிரப்புவார். வேகவைத்த பீன்ஸ், சுரைக்காய்த் துண்டு, வெள்ளரி, கொஞ்சம் கேரட், ஒரு முட்டையின் வெள்ளைக்கரு. உப்பு, எண்ணெய், தாளிப்பு எதுவும் இல்லை. எல்லாம் சேர்த்தே 90 கலோரிக்குள். அப்பா, அண்ணன், அத்தை யார் கொடுத்தாலும் டப்பாவிலிருந்து மட்டும். டப்பா காலியானால் அன்றைய கடை மூடியாச்சு.

நாய்க்குக் கை நீட்டி யாராவது கொடுப்பதுதான் முக்கியம். அது மேரியா வெள்ளரியா என்று ஜிம்மி ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

இவற்றை மறக்காதீர்கள்

- வேகம்: வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதம் குறைந்தால் நல்லது. 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே தராசில் நிறுத்து எழுதுங்கள்.
- பட்டினி வேண்டாம்: ஒரு வேளையைக் கட் பண்ணி வேகமாகக் குறைக்க நினைக்காதீர்கள். மூட்டுவலி மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுப்பதும் கெடுதல்.
- நடை: மூட்டுவலி உள்ள நாயை ஓடவிட்டு எடை குறைக்க முடியாது. சமதரையில் பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. கோடையில் விடிகாலை மட்டும். குண்டான நாய்க்கு வெப்பத் தாக்கு சீக்கிரம் வரும்.
- ஞாயிற்றுக்கிழமை பிரியாணி: வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். கொழுப்பு கணையத்தைத் தாக்கலாம்.
- சர்க்கரைப் பொங்கல், பாயசம்: அதில் கிடக்கும் உலர் திராட்சை நாய்க்கு நஞ்சு, சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். சாக்லெட்டும் வேண்டாம்.
- தானாக எடை குறைந்தால்: நீங்கள் எதுவும் செய்யாமலேயே வயதான நாய் மெலிந்தால் சந்தோஷப்படாதீர்கள். உடனே டாக்டரிடம் போங்கள்.

‘இருக்கற வரைக்கும் ஆசையா சாப்பிடட்டுமே’

இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சாகும் தறுவாயில் இருக்கும் நாய்க்கு, புற்றுநோய் முற்றிய நாய்க்கு, இது சரியான வாதமும்கூட. அந்த நிலையில் பிடித்ததைக் கொடுங்கள். யாரும் கலோரி எண்ண வேண்டாம்.

ஆனால் பத்து வயது லாப்ரடார் செத்துக்கொண்டிருக்கவில்லை. அதற்கு இன்னும் இரண்டு, மூன்று வருடங்கள் இருக்கலாம். அந்த வருடங்களை எழுந்து நடந்து கழிக்கப் போகிறதா, எழ முடியாமல் படுத்துக் கழிக்கப் போகிறதா என்பதுதான் கேள்வி. சாப்பிடும் சந்தோஷம் ஒரு நாளில் மொத்தம் பத்து நிமிடம். மூட்டு வலி மீதி நேரம் முழுக்க.

2012-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ‘ஓபி’ என்ற டாஷண்ட் நாய் செய்தியானது. பொதுவாகப் பத்துப் பதினைந்து கிலோவைத் தாண்டாத இனம். ஓபி 35 கிலோ. வயிறு தரையில் உரசியது. அதை வளர்த்த வயதான தம்பதி கொடுமைக்காரர்கள் இல்லை. அது கேட்டபோது இல்லை என்று சொல்ல மனம் வராதவர்கள். இன்னொருவர் எடுத்து வளர்த்து, உணவை அளந்து போட்டார். ஓராண்டுக்குள் எடை பாதிக்கும் கீழே வந்தது. முதல் வீட்டிலும் இரண்டாவது வீட்டிலும் பாசம் இருந்தது. அளவு இரண்டாவது வீட்டில் மட்டும்தான் இருந்தது.

கடைசியாக, ஊரை விட்டு வந்த நம்மைப் பற்றி. வீடியோ காலில் நாயைக் காட்டச் சொல்லி ‘சோ க்யூட், குண்டு பையா’ என்று கொஞ்சுகிறோம். பிறந்தநாளுக்கு ஆன்லைனில் தீனிப் பாக்கெட் ஆர்டர் போடுகிறோம். அந்த நாய் குண்டானதில் நம் பங்கும் இருக்கிறது. அப்பா அம்மாவைத் திட்டுவதற்கு முன்னால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு டிஜிட்டல் தராசு வாங்கிப் போங்கள். ஒரு நாள் லீவு போட்டு டாக்டரிடம் நீங்களே கூட்டிப் போங்கள். எடை எழுதும் நோட்டை ஃபேமிலி குரூப்பில் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். வயதான நாயைப் பார்த்துக்கொள்ளும் வேலையை வயதான பெற்றோர் தலையில் மொத்தமாக இறக்கிவிட்டு, டிப்ஸ் மட்டும் அனுப்பாதீர்கள்.

ஐந்து மாதம் ஆகிறது. போன வாரம் அரிசி மண்டித் தராசில் ஜிம்மி 35 கிலோ. இன்னும் ஐந்து போக வேண்டும். இடையில் மூன்று வாரம் ஒரு கிராம்கூடக் குறையாமல் நின்றது. உணவை மறுபடி கணக்குப் பார்த்தோம். மூட்டு மாத்திரையின் அளவை டாக்டர் குறைத்திருக்கிறார். மூட்டுத் தேய்மானம் போய்விடவில்லை, போகவும் போகாது.

நேற்று அம்மா ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். பதினொரு மணி டீ நேரம். திண்ணையில் அப்பா டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்கிறது. தெருவில் படுத்திருந்த ஜிம்மி எழுந்து மூன்று படியையும் ஏறி வருகிறான். மெதுவாகத்தான் வருகிறான். ஆனால் யாரும் தூக்கிவிடவில்லை.